உறைக்குள் இருந்த ஆசிரியர்

உறையைக் கிழித்துத் தாளைப் படித்ததும் விசில் மிஸ்ஸுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தட்டச்சில் ஏதோ குளறுபடி என்று நினைத்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் வந்தாள். மூன்றே வரிகள். ஆசிரியர் அ: பக்கத்து செக்ஷன் கணக்கு சார். ஆசிரியர் ஆ: மேல்மாடி கணக்கு டீச்சர். ஆசிரியர் இ: அவளேதான்.

"மேடம், இது மாறிப் போயிருக்கு," என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எழுதினது நான். ஒட்டினது நான். அலமாரில வெச்சுப் பூட்டினதும் நான். எதுவும் மாறல."

சிரிப்பு நின்றுவிட்டது. பேயறைந்தவள் மாதிரி அந்த மூன்று வரிகளையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

இதில் அப்படி என்ன அதிர்ச்சி என்று கேட்பீர்கள். அதற்கு இவளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். விசில் மிஸ் என்பது பிள்ளைகள் வைத்த பேர். கழுத்தில் விசில் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை, தூங்கும்போதாவது கழற்றுவாளா என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு சந்தேகம் உண்டு. காலை ஆறிலிருந்து எட்டு வரை கிரவுண்டில் பெண்பிள்ளைகளின் ஓட்டப் பயிற்சி. எட்டரையிலிருந்து மூன்றரை வரை கணக்கு வகுப்பு. மறுபடி ஐந்தரை வரை கிரவுண்டு. சனிக்கிழமை முழுக்கப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் ஆராய்ச்சி. மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பாள், இடது கையில் திருத்த வேண்டிய பேப்பர் இருக்கும். இரண்டு தோணியில் கால் வைத்துத் தடுமாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவள் மூன்றில் வைத்துக்கொண்டு நாலாவது எங்கே என்று கேட்கிற ரகம். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. இருக்காதா பின்னே?

ஆராய்ச்சி இதுதான். வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறார்? யாரைக் கேட்கிறார்? யாரைக் கேட்பதே இல்லை? போன வருஷம் அவள் பள்ளியிலேயே மூன்று கணக்கு ஆசிரியர்களின் வகுப்புகளை, ஆளுக்கு இருபத்திரண்டு என்று பதிவு செய்தார்கள். அந்த மூவரில் அவளும் ஒருத்தி. அதனால் பேராசிரியை ஒரு நிபந்தனை போட்டார். பதிவை வேறொருவர் கேட்டு, பேச்சையெல்லாம் நீக்கி, வெறும் எண்ணாக மாற்றித் தருவார். எத்தனையாவது கேள்வி, எத்தனை நொடி, எந்தப் பிள்ளை, பதில் வந்தது பிள்ளையிடமிருந்தா ஆசிரியரிடமிருந்தா என்பது மட்டும் இருக்கும். ஆசிரியருக்கு எழுத்து, பிள்ளைக்கு எண். எது யார் என்ற விவரம் உறைக்குள். ஆய்வை எழுதி முடித்த பிறகுதான் உறையைத் திறக்க வேண்டும்.

அவளும் ஒத்துக்கொண்டாள். ஆனால் அட்டவணையைப் பார்த்த முதல் நாளே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள், தான்தான் ஆசிரியர் அ என்று. அந்த ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஐந்து நொடி காத்திருந்தார். நாற்பது பிள்ளைகளில் நாற்பது பேரையும் கேட்டிருந்தார். இவ்வளவு நன்றாகச் செய்ய அந்தப் பள்ளியில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆறு பக்கம் பாராட்டி எழுதினாள். தன்னையே புகழ்கிறோமே என்ற கூச்சத்தில் இரண்டு இடத்தில் குறைத்தும் எழுதினாள்.

ஆசிரியர் இ முக்கால் நொடிகூடக் காத்திருக்கவில்லை. கேட்ட வாயாலேயே பதிலையும் சொல்லிவிட்டு ஓடியிருந்தார். ஏழு பிள்ளைகளை இருபத்திரண்டு வகுப்பிலும் ஒரே ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இது பக்கத்து செக்ஷன் சாராகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த மனுஷன் நடப்பது மெதுவு, பேசுவது அதைவிட மெதுவு, போர்ஷனை முடித்த வருஷம் கிடையாது. முடியாத போர்ஷனைத் துரத்துகிறவர்தான் பதிலையும் தானே சொல்லிக்கொண்டு ஓடுவார் என்று கணக்குப் போட்டாள். ஆசிரியர் இ-யைக் கிழி கிழி என்று கிழித்தாள். "இத்தகைய ஆசிரியர் வகுப்பறையில் இருப்பதும் இல்லாததும் சில குழந்தைகளுக்கு ஒன்றே" என்று எழுதினாள். இந்த வரியைக் கொஞ்சம் தணிக்கலாமே என்று பேராசிரியை சொன்னபோது, "உண்மைய எழுதத்தானே மேடம் ஆராய்ச்சி" என்று மறுத்துவிட்டாள். அதோடு விட்டாளா? ஸ்டாஃப் ரூமில் ஒரு நாள் அந்த சாரிடமே போய், "கேள்வி கேட்டுட்டுக் கொஞ்சம் காத்திருந்து பாருங்க சார், நல்ல பலன் இருக்கும்" என்று அறிவுரை வேறு சொன்னாள். அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. காது மடலெல்லாம் சுட்டது.

"உங்க வகுப்ப ஆய்விலேருந்து எடுத்துடலாம்," என்றார் பேராசிரியை. "ரெண்டு பேரோட முடிச்சுக்கலாம். நிறைய பேர் அப்படிச் செய்யறதுதான். யோசிச்சுச் சொல்லுங்க."

உறையில் இன்னொரு தாளும் இருந்தது. பிள்ளைகளின் எண்ணும் பெயரும். அதை அங்கே பிரிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்த பிறகுதான் பிரித்தாள். ஒரு கேள்விகூடக் கேட்கப்படாத ஏழு எண்கள் அவளுக்கு மனப்பாடம். நான்கு, ஒன்பது, பதினொன்று, பதினேழு, இருபத்து மூன்று, முப்பது, முப்பத்தெட்டு. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான்காம் எண் நீளத் தாண்டும் பெண். ஒன்பதாம் எண் நானூறு மீட்டர். பதினொன்று, ரிலேயில் முதல் ஆள். பதினேழுக்கு வந்ததும் அவளுக்குத் தூக்கி வாரிப் போட்டது. பதினேழு ஒட்டகம்.

ஒட்டகம் என்பது டீமில் வைத்த பேர். நெட்டையான பெண். எத்தனை சுற்று ஓடினாலும் தண்ணீர் கேட்க மாட்டாள். மூன்று வருஷமாக இவள் கையில் வளர்ந்த ஓட்டக்காரி, டீமின் கேப்டன். ஒரு நாளில் தன் புருஷனிடம் பேசுவதைவிட அந்தப் பெண்ணிடம்தான் விசில் மிஸ் அதிகம் பேசியிருப்பாள். ஏழு எண்ணும் கிரவுண்டுப் பிள்ளைகள். அவள் வகுப்பில் இருக்கும் டீம் பிள்ளைகள் மொத்தமே ஏழு பேர்தான்.

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. அவள் இறங்கவில்லை.

வீட்டில் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பைக்குள் திருகாணிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தான். லிஃப்ட் மெக்கானிக்குக்கு யார் மேலே போகிறார், யார் நடுவில் மாட்டிக்கொண்டார் என்பது முகத்தைப் பார்த்தே தெரியும் போல. "என்னாச்சு?" என்றான். அவள் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் அவளை இன்னும் உலுக்கியது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம்தான். அந்த இ டீச்சர் கேள்வியும் கேட்டுட்டு பதிலையும் அவங்களே சொல்லிடுவாங்கன்னு நீ சொன்னப்பவே, எங்கயோ பாத்த ஆளா இருக்கேன்னு தோணுச்சு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல வாயத் தொறந்தேன். நீதான் எங்க விட்ட?"

வேறொரு நாளாக இருந்தால் அந்தத் திருகாணிப் பை பறந்திருக்கும். அன்று அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "பாவம், விடியக்காலைல ஓடிட்டு வர்ற புள்ளைங்க. வகுப்புலயும் எழுப்பி நிக்க வெக்கணுமான்னு விட்டேன். நல்லதுதான் பண்றேன்னு நெனச்சேங்க." சொல்லும்போதே அது உண்மையில் பாதிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. கிரவுண்டில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு இடம் கொடுத்தாயிற்று, கணக்கில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எப்போதோ பங்கு பிரித்துவிட்டாள். பிரித்தது அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை முதல் மணி அடிக்கும் முன்பே பள்ளி ஆபீசுக்குப் போனாள். அடுத்த வருஷம் யார் கணக்குப் பிரிவு, யார் கணக்கில்லாப் பிரிவு என்று பிள்ளைகள் எழுதிக்கொடுத்த படிவங்கள் அங்கே இருந்தன. வகுப்பாசிரியை என்ற முறையில் போன வாரம் இரண்டு பீரியடுக்கு நடுவில் நாற்பதிலும் மடமடவென்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். ஒன்றையும் படிக்கவில்லை. கிளார்க்கிடம் கட்டை வாங்கிப் பிரித்தாள். ஏழில் ஏழு, கணக்கு வேண்டாம். ஒட்டகத்தின் படிவத்தில் அந்தக் கட்டத்துக்குள் அழுத்தமான ஒரு டிக். கீழே இவளுடைய கையெழுத்து, வழக்கமான சுழியோடு.

"எதாவது தப்பா மிஸ்?" என்றார் கிளார்க்.

"மாத்தலாமா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் மாத்தலாம். சனிக்கிழமை மேலிடத்துக்குப் போயிடும். அப்பறம் தலகீழா நின்னாலும் முடியாது."

மாலைப் பயிற்சி முடிந்து மற்றவர்கள் பையை எடுக்கப் போனதும், ஒட்டகத்தை மட்டும் நிறுத்தினாள். அந்தப் பெண் ஓடுதளத்தின் ஓரத்தில் குதிகாலையும் கால்விரலையும் ஒட்ட ஒட்ட வைத்து எதையோ அளந்துகொண்டு இருந்தாள்.

"கணக்கு வேணாம்னு ஏன்டி போட்ட?"

"எனக்கு வராதுல்ல மிஸ்."

"யார் சொன்னா?"

ஒட்டகம் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்கதான் மிஸ்."

"நானா? எப்ப?"

"வாயால சொல்லல." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இங்க நான் அம்பது மீட்டர் ஓடறதுக்குள்ள, இன்னிக்கு எனக்கு முழங்கால் வலின்னு நீங்க கண்டுபிடிச்சிடறீங்க. யாரு முடிப்பா, யாரு பாதில நின்னுடுவான்னு பாத்ததுமே சொல்லிடறீங்க. ஒரு தடவகூடத் தப்பினதில்ல. வகுப்புல மூணு வருஷமா என்னைய ஒரு கேள்வி கேக்கல. பாத்துத் தெரிஞ்சுக்கிட்டுதான் விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

விசில் மிஸ் மோசமான பயிற்சியாளராக இருந்திருந்தால் இந்தப் பெண் தப்பித்திருப்பாள். கிரவுண்டில் அவள் சொன்னதெல்லாம் பலித்ததால்தான், வகுப்பில் அவள் சொல்லாததையும் இந்தப் பிள்ளை தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"மத்த ஆறு பேரும் இப்படித்தான் நெனச்சாங்களா?"

"அவங்களுக்கு அது வசதி மிஸ்." ஒட்டகத்துக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "டீம்ல சேந்தா கணக்கு பீரியட்ல கேள்வியே வராதுன்னு சொல்லித்தானே கீழ் வகுப்புலேருந்து ஆள் சேக்கறோம்."

டீமுக்கு ஆள் எடுக்கும் நாளன்று கிரவுண்டில் கூடுகிற கூட்டத்தைப் பார்த்து, நம் பயிற்சிக்கு இவ்வளவு பேரா என்று வருஷா வருஷம் பூரித்துப் போனவள் விசில் மிஸ். அதுவும் போயிற்று. பேச்சை மாற்றத்தான், "என்ன அளந்துகிட்டு இருந்த?" என்று கேட்டாள்.

"ரிலேல பேட்டன் வாங்கறவ எப்ப ஓடத் தொடங்கணும்னு அடையாளம் மிஸ். நான் இந்தக் கோட்டத் தாண்டினதும் அவ கிளம்பணும்."

"அது நான் போட்டதுதானே?"

"நீங்க போட்டது பதினெட்டு அடி மிஸ். போன வருஷம் ரெண்டு தடவ பேட்டன் கீழ விழுந்துச்சே, அதுக்கப்பறம் நான் மாத்திட்டேன்." விரலை மடக்கிக்கொண்டே சொன்னாள். "அவ நின்ன எடத்துலேருந்து இருபது மீட்டர் போக மூணு புள்ளி மூணு நொடி. நான் வர்ற வேகம் நொடிக்கு எட்டு மீட்டர். அதே நேரத்துல நான் இருபத்தாற தாண்டிடுவேன். ஆறு சொச்சம் அதிகம். ரெண்டு பேரு கையும் நீட்டறதுல ஒரு மீட்டர் போயிடும். மிச்சம் அஞ்சர. என் ஷூ அளவுக்கு இருபத்திரண்டு அடி. தரை ஈரமா இருந்தா என் வேகம் கொறையும், ரெண்டு அடி கொறச்சுப் போடுவேன். பேட்டன் கை மாறற மூணு எடத்துக்கும் நான்தான் போடறேன்."

ஒரு வருஷமாக விசில் மிஸ்ஸின் டீமில் பேட்டன் கீழே விழவில்லை. கைப்பழக்கம் வந்துவிட்டது என்று பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு இருந்தாள்.

"இது கணக்குடி," என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

"இதுவா? இது ரிலே மிஸ்."

படிவத்தை மாற்றலாம், வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது என்று சொன்னாள். ஒட்டகம் உடனே, "நீங்க சொன்னா மாத்திடறேன் மிஸ்" என்றாள். இன்னும் இரண்டு சுற்று ஓடு என்றால் எந்தக் குரலில் சரி என்பாளோ அதே குரல். மாத்து என்ற சொல் விசில் மிஸ்ஸின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெற்றுப் படிவம் ஒன்றை நீட்டி, "நான் சொல்ல மாட்டேன். உனக்கு வேணுமா வேணாமான்னு நீ யோசிச்சு எழுதிட்டு வா" என்றாள்.

மறுநாள் வகுப்பில் முதல் தடவையாக ஒட்டகத்தை எழுப்பி ஒரு கேள்வி கேட்டாள். முன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒட்டகம் எழுந்து நின்று கரும்பலகையைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று விசில் மிஸ் மனதுக்குள் எண்ணினாள். அந்தப் பெண்ணின் உதடு அசையத் தொடங்கியது. அதற்குள் வேறு யாரோ பதிலைச் சொல்லிவிட்டார்கள். சொன்னது தன் வாய்தான் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று. எல்லாம் தெரிந்த பிறகு, இருநூறு பக்கம் எழுதிய பிறகு, நாலாவது நொடியைத் தாண்ட முடியவில்லை. ஒட்டகம் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். புதன்கிழமை அவளைக் கேட்க இவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

வியாழக்கிழமை ஸ்டாஃப் ரூமில் பக்கத்து செக்ஷன் சாரிடம் போய் உட்கார்ந்தாள். "சார், என் ஆராய்ச்சில அந்த நல்ல ஆசிரியர் நீங்கதான். மோசமானவ நான். அன்னிக்கு உங்களுக்குப் போய் புத்தி சொன்னேன். மன்னிச்சிடுங்க."

அவர் வழக்கம்போல் நேரம் எடுத்துக்கொண்டார். மின்விசிறி பல சுற்றுச் சுற்றியது. "நீங்க சொன்னது நல்லதுதான் மிஸ்," என்றார் கடைசியில். "அதுக்கப்பறம் நான் இன்னும் ரெண்டு நொடி கூடக் காத்திருக்கேன்."

அவர் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அன்றைக்கே பேராசிரியைக்கு எழுதினாள். வகுப்பை எடுக்க வேண்டாம், ஒரு வரியையும் தணிக்க வேண்டாம், ஆசிரியர் இ இந்த ஆய்வாளர்தான் என்று முதல் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள் என்று.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு வகுப்பு காலியான பிறகு ஒட்டகம் படிவத்தோடு வந்தாள். விசில் மிஸ் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். கணக்குப் பிரிவு என்ற கட்டத்தில் டிக். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் குனிந்து பேனாவைத் தேடினாள்.

"கீழயும் பாருங்க மிஸ்."

கீழே, எந்த செக்ஷன் என்று கேட்டிருந்த இடத்தில், பக்கத்து செக்ஷன் என்று எழுதியிருந்தாள். அந்த சாருடைய வகுப்பு.

விசில் மிஸ் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அந்த வாரத்தில் எத்தனையோ இடி விழுந்திருந்தது. அத்தனையும் சேர்ந்தும் இந்த ஒரு வரிக்கு அவளைத் தயார்ப்படுத்தவில்லை. "ஏன்?" என்று கேட்டாள். கேட்டபின் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

ஒட்டகம் பையின் பட்டையை முறுக்கினாள். ஜன்னலைப் பார்த்தாள். வராந்தாவில் யாரோ வாளியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் ஓய்ந்தது. விசில் மிஸ் அசையவில்லை.

"நான் நிறைய தப்பு பண்ணுவேன் மிஸ்," என்றாள் ஒட்டகம். "மூணு வருஷப் பாடம் பாக்கி இருக்கு. முதல்ல எல்லாம் தப்பாத்தான் வரும். உங்க முன்னாடி தப்பு பண்ண எனக்கு வெக்கமா இருக்கு. என்னைய நல்லா ஓடறவளா மட்டுமே பாத்தவங்க நீங்க."

பதில் சொல்லவும் அறிவுரை கூறவும் விசில் மிஸ்ஸிடம் ஆயிரம் இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. படிவத்தை மேலிருந்து கீழ் வரை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

"திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்குக் கிரவுண்டுக்கு வந்துடுவேன் மிஸ்," என்று சொல்லிவிட்டு ஒட்டகம் படிவத்தை வாங்கிக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தாள்.